கம்பம் பந்தலில் யோவான் 15

காய்க்காத கொடியை வெட்டுவது யாருக்கும் புரியும். காய்க்கிற கொடியையும் தோட்டக்காரர் சுத்தம்பண்ணுவார் என்று யோவான் 15-இல் இயேசு சொல்வதுதான் பிரசங்கம் கேட்கிறவர்களுக்கு இடறும். தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைப் பந்தலுக்கடியில் வேலை செய்கிறவர்களுக்கு அது இடறாது. இந்தத் திராட்சையை 1832-இல் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பாலஸ்தீனத்துக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்துத் தானாக ஓய்ந்துவிடும். தேனிப் பக்கம் அந்தக் குளிர் கிடையாது. கவாத்து செய்யாமல், அதாவது கிளைகளை வெட்டிவிடாமல், விட்டால் ஆண்டு முழுக்கப் பச்சையாகப் படர்ந்துகொண்டே இருக்கும். பார்வைக்குச் செழிப்பு, குலையோ அங்கொன்று இங்கொன்று. சபையின் எல்லாக் கமிட்டியிலும் பெயர் இருந்து, ஜெபிக்க மட்டும் நேரமில்லாதவர்களைப் பார்த்திருப்பீர்கள்.

கோடைக் காய்ப்புக்கு டிசம்பர், ஜனவரியில் கவாத்து; அடுத்த போகத்துக்கு மே, ஜூனில். அதற்கு 10 முதல் 15 நாள் முன்பே தண்ணீரை நிறுத்த வேண்டும். முதிர்ந்து பழுப்பேறிய வாதில் (கிளையில்) 4 கண், அதாவது துளிர்க்கும் மொட்டு, விட்டு வெட்டலாம். நோஞ்சான் வாதில் ஒன்றிரண்டு கண் போதும். இந்தப் போகத்தில் அது தேறினால் சரி, பழம் கேட்கக் கூடாது. ஞானஸ்நானம் பெற்ற மறுமாதமே ஒருவரை ஞாயிறு பள்ளி ஆசிரியராக்குகிற சபைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பலர் கவனிக்காத விஷயம் கண்ணுக்குள் இருக்கிறது. இந்தப் போகத்துக் குலையின் கரு, முந்தைய போகத்தில் வாது வளர்ந்தபோதே உருவாகிவிடுகிறது. அப்போது அந்தக் கண்ணுக்கு வெயில் பட்டிருக்க வேண்டும். இலை அடர்ந்து நிழலிலேயே கிடந்த கண்ணும் துளிர்க்கத்தான் செய்யும்; ஆனால் இலையும், கொடி பற்றிப் படரும் பற்றுக்கம்பியும் வருமே தவிர குலை தள்ளாது. பிறகு உரத்தைக் கொட்டிப் பயனில்லை. தழைச்சத்தைக் கூட்டினால் இலை இன்னும் அடர்ந்து, அடுத்த போகமும் கெடும். அதனால்தான் பக்கத்துளிரைக் கிள்ளுவது, பற்றுக்கம்பியை எடுப்பது, 12 முதல் 15 கணுவில் நுனியை ஒடிப்பது எல்லாம் நாள் தவறாமல் நடக்க வேண்டும். அன்றாட வேத வாசிப்பின் பலனும் வாசித்த அன்றைக்குத் தெரிவதில்லை. சோதனை வந்த பிறகு மும்முரமாக உபவாசம் இருப்பது வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அது பெரும்பாலும் அடுத்த போகத்துக்கான வேலை.

மருந்திலும் இதே கணக்குதான். பூஞ்சண நோய்க்கு அடிக்கும் ஒரு சத போர்டோ கலவைக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் இரும்புப் பாத்திரத்தில் அல்லாமல் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்ற வேண்டும். பளபளப்பான கத்தியை முக்கி எடுத்தால் செம்புப் படிவு தெரிகிறதா? சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். இது இலைமேல் படிந்து காக்கும் மருந்து. இலையைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய் உள்ளே இறங்கிய பிறகு அடித்தால், நோய் தொடாத இலைகளைத்தான் காப்பாற்றும்.

காய் பட்டாணி அளவுக்கு வந்ததும், நெருக்கமான கொத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் கத்தரித்து எடுக்க வேண்டும். எடுப்பது நல்ல காய்கள்தான், சொத்தை அல்ல. அதனால் கை தயங்கும். விட்டுவைத்தால் பழங்கள் ஒன்றையொன்று நெருக்கி வெடித்து, சாறு கசிந்து, கொத்தே அழுகிப்போகும். சபை வேலைகளில் ஐந்தில் ஒன்றை விடச் சொன்னால், எது கெட்ட வேலை என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள்.