அந்த அறைக்குள் போக எனக்கு ஐந்து மாதங்கள் ஆயின

பதினொன்றாம் வகுப்பில் எனக்குத் தூக்கம் கெட்டது. இரவு மூன்று மணி வரை விழித்துக் கிடப்பேன். காலையில் பையைத் தூக்கும்போதே நெஞ்சு படபடக்கும். தேர்வு பயம் என்றுதான் முதலில் நினைத்தேன். தேர்வு முடிந்தது, படபடப்பு முடியவில்லை.

எங்கள் பள்ளியில் ஆலோசகர் இருந்தார், வாரத்தில் இரண்டு நாட்கள் வருவார். ஆனால் அவருடைய அறை தலைமையாசிரியர் அறையை ஒட்டி இருந்தது. வாசலில் கிடக்கும் பெஞ்சில், போகிறவர் வருகிறவர் கண் முன்னால் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் வகுப்பாசிரியரிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம். சண்டை போட்டவர்களையும் தாமதமாக வருகிறவர்களையும் அங்கேதான் அனுப்புவார்கள் என்பதால் அது தண்டனை அறை என்றே எங்கள் மனத்தில் பதிந்திருந்தது. ஒருமுறை என் வகுப்பு மாணவன் ஒருவனை ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அங்கே அழைத்தார்கள். அவன் எழுந்து போகையில் பின்வரிசையில் கிளம்பிய சிரிப்பு இன்றும் என் காதில் இருக்கிறது.

இரண்டு முறை சீட்டு கேட்கப் போனேன். இரண்டு முறையும் வீட்டுப்பாடம் பற்றி எதையோ கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வழி திறந்தது உயிரியல் டீச்சரால்தான். நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருந்தவர் புத்தகத்தை மூடி வைத்தார். “மனநலப் பிரச்சினைகளில் பாதி 18 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலானவற்றை யாரும் கண்டுபிடிப்பதே இல்லை. கல்லூரிக் காலத்தில் நானும் ஒரு வருடம் மருத்துவரிடம் போய் வந்தேன்” என்றார். பல் வலிக்குப் போனதைச் சொல்வது போல அவ்வளவு இயல்பாகச் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மாலை ஆய்வக வாசலில் அவருக்காக நின்றேன். “எத்தனை நாளாக?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் சீட்டை அவரே எழுதினார், காரணக் கட்டத்தை வெறுமையாக விட்டார், அறை வரை கூடவே நடந்து வந்தார்.

ஆலோசகர் முதலில் என்னைப் பேசச் சொல்லவில்லை. “நீ சொல்வது இந்த அறையோடு இருக்கும். உன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றாலோ, யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலோ மட்டும் நான் வெளியே சொல்லியாக வேண்டும். அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்” என்றார். இதை ஆண்டுத் தொடக்கத்திலேயே எங்கள் அனைவருக்கும் சொல்லியிருந்தால் நான் ஐந்து மாதங்கள் அலைந்திருக்க மாட்டேன். எல்லாம் தலைமையாசிரியர் காதுக்குப் போகும் என்றே நம்பியிருந்தேன்.

சாக வேண்டும் என்று தோன்றியதுண்டா என்று நேராகவே கேட்டார். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. எனக்கோ பாரம் இறங்கியது போல் இருந்தது. காலையில் கண் விழிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சில நாட்கள் தோன்றியதைச் சொன்னேன். “இதை வீட்டில் சொல்லித்தான் ஆக வேண்டும், எப்படிச் சொல்வது என்று இருவரும் சேர்ந்து எழுதுவோம்” என்றார். மூன்று வாக்கியங்கள் எழுதினோம். அன்றே அம்மாவை வரவழைத்தார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் படித்தேன். அம்மா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை, என் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டார்.

பிறகு மனநல மருத்துவர், பதற்றக் கோளாறு என்ற பெயர், வாராவாரம் சிகிச்சை. தூக்கம் மெல்லத் திரும்பியது.

பள்ளியை விட்டு வரும்போது, என்னைத் தடுத்தவை எவை என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். பெஞ்சை உள்ளே மாற்றினார்கள். ‘காரணம்’ கட்டம் போய்விட்டது. ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி அழைப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை என்று அங்கே படிக்கும் தங்கை சொல்கிறாள். இந்த வாரம் மறுபடியும் எழுதப் போகிறேன்.