விடுமுறையில் வேலூர்: காசும் மிச்சம், அலைச்சலும் குறைவு

வேலூருக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சனிக்கிழமை காலை கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிறார்கள். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை, லாட்ஜில் வாடகையை ஏற்றிவிட்டார்கள், ஸ்ரீபுரம் பொற்கோயிலில் கால் கடுக்க நின்றோம் என்று அவர்கள் சொல்லும்போது, குடியாத்தத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். கிழமையையும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும், இதே ஊர் நிம்மதியாகச் சுற்ற விடும். போன காலாண்டு விடுமுறையில் அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகளோடு சென்னையிலிருந்து நாங்கள் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை.

முதலில் ரயில். வேலூருக்கு வர காட்பாடியில் இறங்க வேண்டும். சென்ட்ரலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். இவ்வளவு தூரத்துக்கு ஏசி பெட்டி தேவையே இல்லை. இரண்டாம் வகுப்பு இருக்கை முன்பதிவு மிக மலிவு, காலை நேரத்தில் காற்றும் நன்றாக வரும். நாங்கள் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வந்தோம். முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. பழைய 120 நாள் கணக்கை 2024 நவம்பரோடு மாற்றிவிட்டார்கள். பூஜை, தீபாவளி, பொங்கல் என்றால் காலண்டரில் குறித்து வைத்து அன்றைக்கே போட்டுவிடுங்கள். இன்னொரு விஷயம்: ஆன்லைனில் எடுத்த டிக்கெட் கடைசி வரை காத்திருப்புப் பட்டியலிலேயே இருந்தால், சார்ட் (பயணிகளின் இறுதிப் பட்டியல்) போட்டதும் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான்.

காட்பாடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். பெட்டி படுக்கை அதிகமில்லை என்றால் பாகாயம் போகும் 1, 2 எண் டவுன் பஸ்ஸில் ஏறிவிடலாம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி ஊருக்குள் கொண்டுபோய் விடும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்பதால் அம்மாவும் அக்காவும் காசில்லாமலே வந்தார்கள். ஆட்டோதான் வேண்டும் என்றால் ஏறும் முன்பே ‘மொத்தம் எவ்வளவு, எத்தனை பேர்’ என்று பேசி முடித்துவிடுங்கள்.

தங்குவதைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமே உண்டு. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் தயவுசெய்து சி.எம்.சி. மருத்துவமனையை ஒட்டிய தெருக்களில் அறை எடுக்காதீர்கள். காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் உள்ள லாட்ஜுகளில் பெரும்பாலும் நோயாளிகளின் குடும்பங்கள்தான் இருக்கின்றன. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம் என்று எங்கிருந்தோ வந்து, வாடகைக்கு அடுப்பு வாங்கி அறையிலேயே சோறு வடித்து, வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கடைப் பலகைகளில்கூட வங்காளி எழுத்தைப் பார்க்கலாம். நாங்கள் கேட்கப் போன இடத்தில் ஒரே ஓர் அறைதான் காலி. எங்களுக்குப் பின்னால் எக்ஸ்-ரே உறையை மார்போடு அணைத்தபடி ஒருவர், அவர் தோளில் சாய்ந்தபடி அவர் மனைவி. அம்மா என் கையைப் பிடித்து, “வாப்பா, நாம காட்பாடிப் பக்கம் பார்த்துக்கலாம்” என்றார். காட்பாடியில் நல்ல அறை கிடைத்தது, ரயிலடியும் பக்கம். ஊருக்குள்தான் தங்க வேண்டும் என்றால் புதிய பேருந்து நிலையம் பக்கம் பாருங்கள்.

அறைக்கு இணையத்தில் முழுப் பணத்தையும் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். லாட்ஜுக்கே போன் செய்து பேசிவிட்டுச் சிறு முன்பணம் மட்டும் அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

கோட்டைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். கத்திரி மாதம் என்றில்லை, புரட்டாசியிலும் இங்கே பதினோரு மணிக்கு மேல் கருங்கல் தரை காலைச் சுடும். 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடம் இது. ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள், விதானத்தில் கல்லிலேயே கிளிகள் தலைகீழாகத் தொங்கும். சின்னவன் கழுத்து வலிக்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தான். வெள்ளிக்கிழமை மட்டும் வராதீர்கள். அன்று கோட்டைக்குள் அருங்காட்சியகம் மூடியிருக்கும், ஸ்ரீபுரத்திலோ கூட்டம் அலைமோதும். ஒரே நாளில் இரண்டு ஏமாற்றம்.

ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குள் செல்போன் அனுமதியில்லை. நட்சத்திர வடிவப் பாதையில் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் இதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டை, லுங்கியோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன் கையில் இல்லாத இடத்தில் பிள்ளை தொலைந்தால் எப்படித் தேடுவது? கையில் பேனாவால் நம்பர் எழுதினால் வியர்வையில் அழிந்துவிடும். அக்கா ஒரு துண்டு அட்டையில் இரண்டு நம்பர் எழுதி, சட்டைப் பையின் உள்பக்கம் ஊக்கால் குத்திவிட்டாள். அதில் ஒரு நம்பர் எங்களோடு வராத, வீட்டில் இருக்கும் மாமாவுடையது. எங்கள் போன்கள் எல்லாம் வெளியே லாக்கரில்தானே கிடக்கும்! யாராவது பிரிந்துவிட்டால் செருப்பு விடும் இடத்தில் நிற்க வேண்டும் என்றும் முன்பே பேசிக்கொண்டோம்.

மறுநாள் ஏலகிரி. ஜோலார்பேட்டை வரை ரயில், அப்புறம் மலை பஸ். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். பிள்ளைகளுக்கு வயிறு முட்ட டிபன் கொடுத்து ஏற்றாதீர்கள், முன் இருக்கையாகப் பார்த்து உட்கார வையுங்கள். சொந்தக் காரில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிப்பதாக நினைத்து வண்டியை நியூட்ரலில் விடவே விடாதீர்கள். பிரேக் சூடேறி, பிடிக்க வேண்டிய வளைவில் பிடிக்காமல் போகும். ஏறிய அதே கியரில் இறங்குவதுதான் பாதுகாப்பு. ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள். ஜலகாம்பாறை அருவியில் தண்ணீர் இருந்தால் குளிக்கலாம்தான். ஆனால் மலைமேல் மழை இருட்டிக்கொண்டு நின்றால் உடனே கரையேறிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு ஆம்பூர் பிரியாணி. பகல் பன்னிரண்டு மணிக்கே போனால் சீரகச் சம்பா சூடாக, உதிரி உதிரியாக, கத்தரிக்காய் தொக்கோடு கிடைக்கும்.

திரும்புவதற்கு ஞாயிறு மாலையைத் தவிர்த்துவிடுங்கள். அன்று காட்பாடி பிளாட்பாரத்தில் பிள்ளைகளோடு ஏறுவதே ஆபத்து. இன்னும் ஒரு ராத்திரி தங்க முடிந்தால், வேலூர் கன்டோன்மென்ட் வழியாக அதிகாலையில் சென்னை கடற்கரைக்குப் போகும் மெமு ரயில் இருக்கிறது. முன்பதிவே வேண்டாம். பயணத்துக்கு முன்னால் ரயில்வே விசாரணை எண் 139-இல் நேரத்தை உறுதிப்படுத்திக்கொண்டு, இருட்டு பிரியும் முன் ஸ்டேஷனுக்கு வர ஓர் ஆட்டோவை முந்தின இரவே சொல்லி வைத்துவிடுங்கள்.