அம்மாவுக்கு இரண்டு ஸ்கேன்

அம்மாவுக்கு இரைப்பைப் புற்றுநோய், சிக்னெட் ரிங் வகை (நுண்ணோக்கியில் அணுக்கள் முத்திரை மோதிரம் போலத் தெரியும்). எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்று பார்க்க, கதிரியக்க மருந்து ஏற்றிப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு போய் விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 246. "200க்குக் கீழ வரட்டும், அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக ஏற்றும் எஃப்.டி.ஜி. மருந்தே கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரைதான். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தால் புற்றணுக்கள் இதைச் சரியாக எடுத்துக்கொள்ளாது. இருபது வருடச் சர்க்கரை நோயாளியிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

நான்கு நாள் கழித்து அதை எடுத்து முடித்தபோது டாக்டர் கேட்டார்: ஃபாப்பி என்று புது மருந்து, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சம்மதமா? செலவு இல்லை. ஹைடல்பர்க்கில் உருவானது, 2019இல் 80 பேரிடம், 28 வகைப் புற்றுநோய்களில் பார்த்த முடிவு வெளிவந்திருக்கிறது. இது புற்றணுவைத் தேடுவதில்லை, அதைச் சுற்றி வளரும் நார்த்திசு அணுக்களில் போய் ஒட்டுகிறது. பட்டினி வேண்டாம்.

ஒப்புதல் படிவத்தில், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்ற வரியை அம்மா இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார். "என்னை வெச்சுச் சோதிக்கிறாங்களாடி?" ஆமாம் என்றுதான் சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

அந்த ஸ்கேன் அன்று காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். ஃபாப்பியோடு சேர்க்கும் கதிரியக்கப் பொருளான காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிடத்துக்கும் பாதியாகிவிடும் என்பதால் மருந்தை அங்கேயே தயாரிக்கிறார்கள். முதல் தடவை தயாரித்தது தரப் பரிசோதனையில் தேறவில்லை. கிணறு ஊறுவதுபோல காலியத்தை உண்டாக்கும் ஜெனரேட்டர் என்ற கருவியில் அது மறுபடி ஊற நான்கு மணி நேரம் ஆகுமாம். நல்லவேளை, அம்மா தயிர்சாதம் சாப்பிட்டார். இரண்டு மணி வாக்கில் கனமான உறைக்குள் செருகிய ஊசி வந்தது. போட்டது ஒரு நொடி. ஒரு மணி நேரம் கழித்து ஸ்கேன்.

டாக்டர் இரண்டு படத்தையும் திரையில் அருகருகே வைத்தார். பழையதில் மூளை ஜெகஜோதியாக எரிய, இரைப்பை மங்கலாக இருந்தது. புதியதில் மூளை இருட்டு, இரைப்பை பளிச். இரைப்பைக்கு வெளியே, வயிற்றறையின் உள்சவ்விலும் இரண்டு புள்ளிகள். பழையதில் அவை இல்லவே இல்லை. இடது தோளும் மின்னியதைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது. "அது மூட்டுத் தேய்மானம், அதிலும் இது ஒட்டும்" என்றார்.

"பத்து வருஷமா வலிக்குதுன்னு சொல்றேனே, இப்பவாவது நம்புறியா?" என்றார் அம்மா.

சோதனை ஸ்கேனை மட்டும் நம்பி முடிவெடுக்க மாட்டார்களாம். அந்த இரண்டு புள்ளிகளுக்காக வியாழக்கிழமை, சிறு துளை வழியே கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி.