போஸ்ட்கிரெஸ்ஸில் கேட்டலாக் கேஷைக் கணக்கெடுத்த அனுபவம்

திருகோணமலை நகரத்திலும் கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கங்களிலும் உள்ள மொத்த வியாபாரக் கடைகளுக்கு நாங்கள் கணக்கு மென்பொருள் வழங்குகிறோம். எல்லாக் கடைகளும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் இயங்கும் ஒரே தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தனி ஸ்கீமா (அட்டவணைகளைப் பிரித்து வைக்கும் பெயர்வெளி), அதற்குள் தனி அட்டவணைகள். கடைகளின் தொகை கூடக்கூட, காலையில் திறந்த இணைப்புகள் மாலைக்குள் நினைவகத்தை வீங்கவைக்கத் தொடங்கின. சேவையகத்தைக் கவனிக்கும் மூத்தவர் ஒருநாள் திரையைக் காட்டி, "தம்பி, கேஷ் ஹிட் தொண்ணூற்றொன்பது வீதம் எண்டு காட்டுதே, பிறகேன் மெமரி இப்பிடி ஏறுது?" என்று கேட்டார்.

அவர் பார்த்த வீதம், அதாவது தேடியது நினைவகத்திலேயே கிடைத்த விகிதம், பொதுத் தாங்ககத்துக்கு, அதாவது எல்லா இணைப்புகளும் பகிர்ந்துகொள்ளும் 8 கிலோபைட் பக்கங்களின் சேமிப்புக்கு உரியது. போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனிப் புரொசெஸ் உண்டு. அட்டவணைப் பெயர்கள், அட்டவணை நிரல்களின் வகைகள், செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) பற்றித் தான் தேடி அறிந்தவற்றை அது தன் சொந்த நினைவகத்தில் கேட்டலாக் கேஷாக வைத்துக்கொள்கிறது. இந்தக் கேஷுக்கு உச்சவரம்பு இல்லை. நூறு கடைகளின் ஸ்கீமாக்களை மாறி மாறித் தொடும் ஓர் இணைப்பு அத்தனையையும் நினைவில் சுமந்துகொண்டே இருக்கும். இந்தச் சுமையை எண்ணிக்காட்ட ஒரு வியூவும் (அட்டவணைபோல் வினவக்கூடிய காட்சி) இருக்கவில்லை. அதை நாங்களே சேர்க்க முடிவெடுத்தோம்.

மூலநிரலைத் திறந்தபோது ஆறுதலான ஒரு விடயம் கண்ணில் பட்டது. கேட்டலாக் கேஷின் கோப்பிலேயே தேடல்கள், கிடைத்தவை, "இல்லை" என்று கிடைத்தவை, புதிதாக ஏற்றியவை ஆகியவற்றுக்கான எண்ணிகள் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தன. ஒரு மேக்ரோவை (மூலநிரலில் உள்ள ஒரு தெரிவை) இயக்கி மூலநிரலைக் கம்பைல் செய்தால் மட்டுமே அவை உயிர்பெறும். ஆனால் அந்த எண்கள் புரொசெஸ் முடியும் தறுவாயில் பிழைதிருத்த நிலைப் பதிவேட்டில் அச்சாகும். எங்கள் செயலியோ திறந்த இணைப்புகளைச் சேர்த்து வைத்து, மூடாமலே மீண்டும் மீண்டும் பயன்படுத்துகிறது. முடியவே முடியாத புரொசெஸ் தன் இறுதிக் கணக்கை எப்போது ஒப்புவிப்பது? ஆகவே எண்ணுவதை விட, எண்ணியதை எங்கே வைப்பது என்பதே வேலையின் பெரும்பகுதி ஆயிற்று.

நாங்கள் தொட்டது 16ஆம் பதிப்பு. 2022இல் வந்த 15ஆம் பதிப்பிலிருந்து புள்ளிவிவரங்களைச் சேகரிக்கத் தனிப் புரொசெஸ் கிடையாது. எல்லாம் பகிர்நினைவகத்திலேயே சேர்கின்றன. முன்மாதிரியாக 13ஆம் பதிப்பில் வந்த எஸ்எல்ஆர்யூ (போஸ்ட்கிரெஸ்ஸின் உள்ளக விவரங்களுக்கான சிறு கேஷ்கள்) புள்ளிவிவரத்தை எடுத்துக்கொண்டோம். அதன் அமைப்பு அளவு மாறாத ஓர் அணி, அதற்கு ஒரு பூட்டு என்ற எளிமை உடையது. ஒவ்வொரு புரொசெஸும் முதலில் தன் சொந்த அணியில் எண்ணும். பரிமாற்றம் (டிரான்சாக்ஷன்) முடிந்த பின், வேலை நெருக்கமாக இருந்தால் விநாடிக்கு ஒரு தடவைக்கு மேற்படாமல், அதைப் பொது அணியில் கூட்டிவிடும். இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: "என்னிடம் அனுப்பாத எண்கள் இருக்கின்றன" என்னும் கொடியை உயர்த்தாவிட்டால், வேறு எதுவும் நிலுவையில் இல்லாத வேளையில் அனுப்பும் செயற்கூறு வந்த வழியே திரும்பிவிடும்.

கேட்டலாக் தேடல் என்பது ஒரு வினவலைத் திட்டமிடும்போதே பலமுறை நடப்பதால், அங்கே கூடுதலாக ஒரு வரி எழுதுவதற்கும் விளக்கம் சொல்லியாக வேண்டும். வேகத்தை அளக்கும் பிஜிபெஞ்ச் கருவியால், எமது மாற்றம் இல்லாத போஸ்ட்கிரெஸ்ஸையும் மாற்றம் சேர்த்ததையும் ஒப்பிட்டோம். ஒருமுறை ஆயத்தம் செய்த வினவலையே திரும்பத் திரும்ப ஓட்டும் முறையில் சோதித்தால் திட்டமிடலே பெரும்பாலும் தவிர்க்கப்படுவதால் செலவு மறைந்துபோகும். எனவே ஒவ்வொரு முறையும் திட்டமிடும் எளிய முறையிலும், ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புது இணைப்பு திறக்கும் முறையிலும் ஓட்டினோம். வித்தியாசம் ஓட்டத்துக்கு ஓட்டம் இயல்பாக ஏற்படும் ஏற்ற இறக்கத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது.

புதிய வியூவைச் சேர்ப்பது வேறொரு சடங்கு. எண்களை வியூவுக்குக் கொடுக்கும் செயற்கூறுக்கு ஓர் ஓஐடி (தரவுத்தளப் பொருளின் அடையாள) எண் வேண்டும். உருவாக்குநர்களுக்கென ஒதுக்கப்பட்ட 8000 முதல் 9999 வரையான வீச்சில் எது வெறுமையாக உள்ளது என்று சொல்ல ஒரு சிறு ஸ்கிரிப்ட் மூலநிரலுடனேயே வருகிறது. வியூவை எழுதிச் சோதனைகளை ஓட்டினால், எமக்குச் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும் "ரூல்ஸ்" சோதனை தோற்கும். அமைப்பு வியூக்கள் அனைத்தினதும் வரையறையை அது எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதே காரணம். எதிர்பார்ப்புக் கோப்பில் எமது வியூவை அகரவரிசைப்படி உரிய இடத்தில் செருகிய பிறகே அது அமைதியடைந்தது.

வியூவில் விகிதத்தைக் காட்டும் நிரல் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மாதக்கணக்கில் சேர்ந்த எண்ணுக்குக் கணிக்கப்படும் வீதம் இன்று காலையில் நடந்ததைப் பற்றி எதுவும் சொல்லாது. இரண்டு வேளைகளில் எடுத்த எண்களின் வித்தியாசமே சொல்லும். "இல்லை" என்ற புதுப் பதிவுகளுக்கும் தனி எண்ணி தேவைப்படவில்லை, ஏனெனில் மொத்தத் தேடல்களில் இருந்து கிடைத்தவை, "இல்லை" என்று கிடைத்தவை, ஏற்றியவை மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது அதுவே. எத்தனை பைட்டுகள் என்பதை விட்டுவிட்டோம். அதை ஒரு புரொசெஸின் நினைவகச் சூழல்களைப் பதிவேட்டில் எழுதவைக்கும் 14ஆம் பதிப்பின் செயற்கூறால் அறியலாம்.

உண்மையான சேவையகத்தில் வைக்கும்போது வியூவை மூலநிரலில் இருந்து எடுத்து ஒரு நீட்சிக்குள் (தனியாக நிறுவும் எக்ஸ்டென்ஷனுக்குள்) போட்டோம். அமைப்பு அட்டவணைகளில் கைவைத்தால் கேட்டலாக் பதிப்பு எண்ணையும் மாற்ற வேண்டும். மாற்றினால் பழைய தரவுக் கோப்புறையைப் புதிய சேவையகம் ஏற்காது. வாடிக்கையாளரின் ஐந்தொகையோடு அப்படி விளையாட முடியாது.

பின்னர் மின்வெட்டு தன் பங்குக்குப் பாடம் எடுத்தது. யூபிஎஸ் தாக்குப்பிடிக்காமல் சேவையகம் திடீரென நின்று மீண்டும் எழுந்தால், போஸ்ட்கிரெஸ் திரண்ட புள்ளிவிவரங்கள் அனைத்தையும் கைவிட்டுப் பூச்சியத்தில் இருந்து தொடங்கும். முறையாக நிறுத்தினால் மட்டுமே அவை கோப்பில் எழுதப்படும். அதனால் எண்களைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாதாரண அட்டவணை ஒன்றில், கடைசியாகப் பூச்சியமாக்கப்பட்ட நேரத்தோடு சேர்த்துப் பதிகிறோம்.

எண்கள் வந்ததும் காரணம் வெளித்தது. அட்டவணைப் பெயரைத் தேடும் கேஷில், "இல்லை" என்ற புதுப் பதிவுகள் குவிந்திருந்தன. பொதுவான வரி விகித அட்டவணையை எங்கள் வினவல்கள் ஸ்கீமாப் பெயர் இல்லாமல் அழைத்தன. ஸ்கீமாக்களை எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் தேடல் பாதையில் கடையின் ஸ்கீமா முன்னால் நின்றதால், ஒவ்வொரு கடைக்கும் "இங்கே அப்படி ஓர் அட்டவணை இல்லை" என்ற குறிப்பு ஒன்று உருவாகி ஒவ்வோர் இணைப்பிலும் தங்கியது. பொது அட்டவணைகளுக்கு ஸ்கீமாப் பெயரை முன்னொட்டாக எழுதி, இணைப்புகளின் ஆயுளையும் மட்டுப்படுத்தியதில் வீக்கம் வடிந்தது.

2025இல் வெளிவந்த 18ஆம் பதிப்பு, நீட்சிகளே தமக்கான புள்ளிவிவர வகையைப் பதிவுசெய்ய வழி திறந்திருக்கிறது. கேட்டலாக் தேடலுக்குள் நீட்சி நுழையக் கொக்கி (வெளி நிரலை இணைக்க விடும் இடம்) எதுவும் இல்லாததால் எண்ணும் வரிகள் மூலநிரலிலேயே இருக்க வேண்டும். சேமிப்பதையும் காட்டுவதையும் வெளியே நகர்த்தும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம்.