சீலியாக் நோயும் கப்பல் சாப்பாடும்

சொகுசுக் கப்பல் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது நாள் முழுவதும் பரப்பி வைத்திருக்கும் பஃபேதான். கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ள நான் கப்பலில் ஏறியதும் முதலில் ஒதுக்கிவிடும் இடமும் அதுவே. எனக்கு ஏற்ற உணவு அங்கே இல்லாமல் இல்லை. ஆனால் ரொட்டிக் கூடைக்கு அருகிலேயே பழமும் பாலாடைக்கட்டியும் இருக்கும். ஒரு பாத்திரத்தின் கரண்டி அடுத்த பாத்திரத்துக்குப் போய்விடும். குளூட்டன் இல்லை என்று எழுதி வைத்த அட்டை, சமையலறையிலிருந்து உணவு வந்த நேரத்தில் உண்மையாகவே இருந்திருக்கும். வரிசையில் பலர் கடந்து போன பிறகு அதற்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று உடன் வருபவர்கள் கேட்பதுண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் உள்ளே சென்றால், எங்கள் உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு சிறுகுடலின் குடலுறிஞ்சிகளையே தாக்கிச் சிதைக்கிறது. அதைத் தவிர்ப்பது ஒன்றே இன்றுள்ள சிகிச்சை. நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குக் குடல் பாதிக்கப்படுவதில்லை என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். ஒரு ரொட்டித் துண்டில் சுமார் 2 கிராம் குளூட்டன் இருப்பதாகக் கொண்டால், அதில் 200-இல் ஒரு பங்கே அந்த எல்லையைத் தொட்டுவிடும். டோஸ்டரின் அடியில் கிடக்கும் துகள்களுக்கு நான் அஞ்சுவது இந்தக் கணக்கினால்தான்.

ஆகவே என் சாப்பாடு பெரும்பாலும் பிரதான உணவுக்கூடத்தில், உட்கார்ந்து பரிமாறப்படும் மேசையில்தான். முன்பதிவு செய்யும்போதே சிறப்பு உணவுத் தேவை என்ற இடத்தில் நோயின் பெயரைக் குறிப்பிட்டுவிட வேண்டும். அது சமையலறை வரை போய்ச் சேர்ந்ததா என்பதை ஏறிய அன்றே உணவுக்கூடத்தின் தலைமைப் பணியாளரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும். விருப்பப்பட்ட நேரத்தில் சாப்பிடும் முறையும் உண்டு என்றாலும், குறித்த நேரமும் குறித்த மேசையும் தரும் முறையையே நான் தேர்ந்தெடுப்பேன். ஒரே பரிமாறுபவர் தினமும் வருவதால் ஒவ்வொரு வேளையும் முதலிலிருந்து விளக்க வேண்டியதில்லை. பல கப்பல்களில் மறுநாள் இரவுக்கான பட்டியலை முந்தைய இரவே காட்டித் தேர்வு செய்யச் சொல்வார்கள். அந்த ஒரு நாள் அவகாசம்தான் எல்லாவற்றையும் மாற்றுகிறது: மாவு சேர்க்காத குழம்பைத் தனியாகச் செய்யவும், தனி வாணலியை ஒதுக்கவும் சமையல்காரருக்கு நேரம் கிடைக்கிறது. கூட்டம் நெரியும் நேரத்தில் திடீரென்று கேட்டால், தட்டின் ஓரத்திலிருந்து ரொட்டியை எடுத்துவிட்டு அதே தட்டைத் திருப்பிக் கொண்டுவரும் ஆபத்து உண்டு.

"கவலையே வேண்டாம்" என்று உடனே சொல்பவரைவிட, "உள்ளே கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்பவரையே நான் நம்புகிறேன். கேட்க வேண்டியவையும் நிறைய இருக்கின்றன. சூப்பைக் கெட்டிப்படுத்தியது எது, ஆம்லெட்டில் பான்கேக் மாவு கலந்திருக்கிறதா, சோயா சாஸ் கோதுமை சேர்த்துச் செய்ததா, வினிகர் பார்லி மால்ட்டிலிருந்து எடுத்ததா, நண்டு இறைச்சி என்று தருவது உண்மையான நண்டா அல்லது கோதுமை மாவுச்சத்துச் சேர்த்துப் பிசைந்த மீனா என்பவை அவற்றுள் சில. உருளைக்கிழங்கு வறுவல் பெயரளவில் பாதுகாப்பானது. ஆனால் மாவில் தோய்த்த மீனைப் பொரித்த அதே எண்ணெயில் அதுவும் வெந்திருந்தால் அதைத் தொடக்கூடாது, ஏனெனில் சமையல் சூட்டில் குளூட்டன் அழிவதில்லை.

கரையில் இறங்கும் நாள்களுக்கு, உறை பிரிக்காத தின்பண்டங்கள் சிலவற்றை வீட்டிலிருந்தே கொண்டு செல்கிறேன். கப்பலிலிருந்து பழத்தையும் இறைச்சியையும் கரைக்கு எடுத்துச் செல்லப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை என்பதால், காலை உணவிலிருந்து எதையாவது பைக்குள் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணம் உதவாது.

வயிறு கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதையும் முன்னதாகவே யோசித்து வைக்க வேண்டும். குளூட்டன் கலந்துவிட்டால் வரும் வாந்தியும் வயிற்றுப்போக்கும், கப்பல்களில் வேகமாகப் பரவும் நோரோவைரஸ் தொற்றின் அறிகுறிகளும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். "இது என் பழைய நோய்தான்" என்று நாமே முடிவு செய்து மறைத்துவிடாமல், கப்பல் மருத்துவரிடம் சீலியாக் நோயையும் சொல்லி, அவர் அறையிலேயே தங்கச் சொன்னால் தங்குவதுதான் முறை. கூடத்தின் வாசலில் கையில் தெளிக்கும் ஆல்கஹால் திரவத்தால் குளூட்டன் நீங்காது, நோரோவைரஸும் சரியாக அழியாது. அதனால் சாப்பிட உட்காரும் முன் இரண்டுக்கும் சேர்த்துச் சோப்பும் தண்ணீரும் கொண்டே கை கழுவுகிறேன்.