25 போடலாமா?

அமெரிக்க மருத்துவ பில்களுக்குக் கோடு போடுவது என் வேலை. 25 என்பது, அதே நாளில் செய்த சிகிச்சையிலிருந்து விசிட் தனி என்று காட்ட விசிட் கோடோடு சேர்க்கும் மாடிஃபையர். மருத்துவருக்கு நான் அனுப்பிய க்வெரி ஒரே வரி: "99213-க்கு 25 போடலாமா?" பதில் ஒரே சொல்: "யெஸ்." பணம் வந்தது, டினையல் (மறுக்கப்பட்ட கிளெய்ம்) லிஸ்டில் ஒன்று குறைந்தது. ஆனாலும் அந்த ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஒரே நாளில் இரண்டு கோடு. 99213 விசிட், 17110 மரு அகற்றல். 17110-க்கு 10 நாள் குளோபல்; சிகிச்சையும் அதையொட்டிய 10 நாள் கவனிப்பும் ஒரே கட்டணம். மருவைப் பார்ப்பது, எடுத்துவிடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். அதனால்தான் மெடிகேர் (அங்கே முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) விசிட்டை மட்டும் சிஓ-97, அதாவது இன்னொரு கட்டணத்தில் அடங்கியது, என்று தள்ளியது. விசிட் தனியாக நிற்க வேண்டுமென்றால், மருவைத் தாண்டி வேறொன்றையும் மருத்துவர் கவனித்திருக்க வேண்டும். அது நோட்டில் தெரிய வேண்டும்.

நோட்டில் இருந்தது இவ்வளவுதான்: "இரத்த அழுத்தம் 148/90. மருந்து தொடரட்டும்."

அழுத்தம் கூடியிருக்கிறது, மருந்தைத் தொடரச் சொன்னதும் ஒரு முடிவுதானே என்று அன்று தோன்றியது. இன்றும் அது முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, அழுத்தம் கூடியும் டோஸை ஏன் மாற்றவில்லை என்று ஒரு சொல்லும் இல்லை. முந்தைய விசிட் நோட்டைத் திறந்தால், 'மருந்து தொடரட்டும்' அங்கேயும் எழுத்து மாறாமல் இருந்தது. காப்பி செய்த வரியா, அன்று உண்மையிலேயே யோசித்து எழுதியதா?

அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். "அன்று இரத்த அழுத்தத்துக்காக என்ன பார்த்தீர்கள், என்ன முடிவெடுத்தீர்கள்?" என்று கேட்டால் மருத்துவர் நடந்ததைச் சொல்வார். "25 போடலாமா?" என்றால் விடையைக் கையில் கொடுத்துவிட்டுக் கையெழுத்து கேட்பதாகிறது.

வழிமுறையில் பிசகில்லை. அதே கிளெய்மைப் புதிதாக அனுப்பினால் டூப்ளிகேட் என்று சிஓ-18 வரும். பழையதற்குப் பதில் திருத்திய கிளெய்ம் என்று தனியார் இன்சூரன்ஸுக்குப் போடும் ஃப்ரீக்வென்சி கோடு 7, மருத்துவர் கட்டணங்களைப் பார்க்கும் மெடிகேர் பார்ட் பி-யில் செல்லாது. அதனால் ரீஓப்பனிங் கேட்டு, முடிந்த கிளெய்மையே மறுபடி திறந்து மாடிஃபையரைச் சேர்த்தாயிற்று. பணம் வந்ததால் கோடிங் சரி என்று ஆகிவிடாது. 25-ஐப் பார்த்ததும் சிஸ்டம் வழிவிடுகிறது. ஆடிட் வரும்வரை நோட்டை யாரும் பிரிப்பதில்லை.

இதைவிடப் பெரிதாக உறுத்துவது நோயாளியின் பங்கு. சிஓ என்றால் வராத பணம் மருத்துவர் தரப்பின் இழப்பு; அதில் நின்றவரை அந்த விசிட்டுக்கு நோயாளியிடம் ஒரு காசும் கேட்க முடியாது. 25 போட்டதும் அதே வரி பிஆர்-2 (நோயாளி கட்ட வேண்டிய பங்கு) ஆகி, 20 சதவீதம் அவர் தலையில் விழுந்தது. நாங்கள் டினையலைத் தீர்த்ததாகக் கணக்கு வைத்தோம். அவர் வீட்டுக்கு ஒரு பில் போனது. மருத்துவர் உண்மையிலேயே அந்த வேலையைச் செய்திருந்தால் அவருக்குச் சேர வேண்டிய பணம்தான் அது. விட்டுக்கொடுக்கச் சொல்லவும் எனக்கு உரிமையில்லை.

கூடுதலாக வந்த பணம் என்று உறுதியானால் 60 நாளுக்குள் மெடிகேருக்குத் திருப்பித் தர வேண்டும், நோயாளி கட்டியதை அவருக்கும் திருப்ப வேண்டும். உறுதியாக வேண்டுமானால் மருத்துவரிடம் மறுபடி கேட்க வேண்டும். அவர் அடெண்டம் (நோட்டில் பிறகு சேர்க்கும் குறிப்பு) எழுதினால் அதில் எழுதும் நாளின் தேதிதான் இருக்கும். இத்தனை மாதம் கழித்து, அந்த ஒரு விசிட்டில் என்ன யோசித்தார் என்று அவருக்கே நினைவிருக்குமா?