'மட்டும்' என்ற சொல்லில் போகும் மார்க்

ரிசல்ட் வந்த சூட்டோடு இதை எழுதிவிடுவது நல்லது. ஒன்பதாம் வகுப்புக் 'கண மொழி' (கணங்கள், அதாவது செட்கள் பற்றிய பாடம்) வாய்பாடு எல்லோருக்கும் மனப்பாடம். சர்வே கணக்கில் மார்க் போவது 'மட்டும்' என்ற ஒரு சொல்லில்.

200 பேரில் டீ குடிப்போர் 110, காபி 95, பால் 70. டீயும் காபியும் 45, காபியும் பாலும் 30, டீயும் பாலும் 25, மூன்றும் 10. எதுவும் குடிக்காதவர் எத்தனை பேர்?

ஒரு பானத்துக்கு ஒரு வட்டமாக, ஒன்றையொன்று வெட்டும் மூன்று வட்டங்கள் வரையுங்கள்; இதுதான் வென்படம். அதன் நடுவில் முதலில் 10 எழுதுங்கள். வெளியிலிருந்து உள்ளே வந்தால் அழித்து அழித்து எழுத வேண்டிவரும். டீ, காபி வட்டங்கள் வெட்டும் இடத்தில் 45 போடாதீர்கள். அதற்குள் நடு 10 பேரும் அடக்கம். எழுத வேண்டியது 35. மற்ற இரண்டும் 20, 15. டீ மட்டும்: 110 − (35 + 15 + 10) = 50. காபி மட்டும் 30, பால் மட்டும் 25. ஏழு பகுதிகளும் சேர்ந்து 185. வட்டங்களுக்கு வெளியே 15.

இதிலேயே மூன்று ஜோடிகளுக்கும் "டீயும் காபியும் மட்டும் 45" என்ற தினுசில் கொடுத்திருந்தால் 45, 30, 25 அப்படியே படத்தில் இறங்கும். டீ மட்டும், காபி மட்டும், பால் மட்டும் முறையே 30, 10, 5. மொத்தம் 155, வெளியே 45. எந்தப் பகுதியும் மைனஸில் போகாததால் தப்பாக வாசித்ததைக் கணக்கு காட்டிக்கொடுக்காது. ஆப்ஷனில் 15, 45 இரண்டையும் வைத்தால் ஆள் காலி.

ஆகவே எண்ணைத் தொடுமுன் 'மட்டும்', 'குறைந்தது', 'ஏதேனும்' மூன்றையும் அடிக்கோடிடுங்கள். பிறகு (எண்கள் முதல் கணக்கினுடையவை):

- சரியாக இரண்டு குடிப்போர்: ஜோடிகளின் கூடுதல் − 3 × நடு. 100 − 30 = 70. இதற்குப் படமே வேண்டாம்.
- குறைந்தது இரண்டு: 70 + 10 = 80. நடுவைச் சேர்க்க மறக்காதீர்கள்.
- சரிபார்க்க: ஒன்று மட்டும் குடிப்போர் 50 + 30 + 25 = 105. 105 + 2 × 70 + 3 × 10 = 275. அதுவே 110 + 95 + 70.
- "ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றாவது" என்றிருந்தால்தான் வெளியே பூஜ்யம். நீங்களாக வைத்துக்கொள்ளக் கூடாது.

படம் வரைவது நேர விரயம் என்பவர்கள் உண்டு. மொத்தத்தை மட்டும் கேட்டால் அவர்கள் பேச்சு சரி. "காபி மட்டும்" என்று கேட்டால் படம்தான் பத்திரம்.

சதவீதக் கணக்கு தனி ரகம். 70% பேருக்கு ஒன்று, 60% பேருக்கு மற்றொன்று பிடிக்கும் என்றால், இரண்டும் பிடித்தவர் குறைந்தபட்சம் 30%, அதிகபட்சம் 60%. எதுவும் பிடிக்காதவர் 10% என்றும் சொல்லிவிட்டால் விடை ஒன்றே: 70 + 60 − 90 = 40%.